மயிலையும் செவலையும் போட்ட கோடு

திண்டுக்கல்
15-7-62

அன்புள்ள வள்ளிக்கு,

ஜெயமேரி எழுதுகிறேன். நீ விடுதியிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேவுகம்பட்டிக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஒரு வரி போடவில்லை. பத்தாம் வகுப்போடு போதும் என்று உன்னை நிறுத்தியது உன் அப்பா. கோபம் மட்டும் என்மேலா?

ஒரு புதுச் செய்தி. நம் பள்ளிக்கு லேப் வந்துவிட்டது. உடைந்த தராசையும் ஒரே ஒரு லென்ஸையும் வைத்துக்கொண்டு நாம் விஞ்ஞானம் படித்தோமே, இப்போது நீளமான மேசைகள், கண்ணாடி அலமாரி எல்லாம் வந்திருக்கின்றன. சாவி செபஸ்தியம்மாள் டீச்சரின் இடுப்பில் தொங்குகிறது. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் லேப்.

முதல் சோதனை எது தெரியுமா? ஒரு நீளப் பலகை. ஒரு முனைக்கு அடியில் நாலு புத்தகம் வைத்துச் சரிவாக்கினோம். அதன்மேல் ஒரு குட்டி மரவண்டி. வண்டியில் சிவப்பு மைப் புட்டி, அதன் அடியில் ஊசித் துளை. வண்டியை விட்டால் அது உருள உருள மை சொட்டிக்கொண்டே போகும். சொட்டுக்கும் சொட்டுக்கும் ஒரே நேரம்தான், ஆனால் இடைவெளி போகப் போக அகலமாகிறது. அதை அளந்து, கட்டம் போட்ட தாளில் கீழே நேரம், பக்கத்தில் தூரம் என்று புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும்.

நான் அழகாகக் கோடு இழுத்தேன். மேலேயிருந்து கீழே, பலகை எப்படிச் சரிந்திருந்ததோ அப்படியே. டீச்சர் சிவப்பு மசியில் எழுதிவிட்டார்: ‘இது பலகையின் படம். வண்டி போன கதை எங்கே?’ வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் போட்டிருந்தோம், ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜக்கம்மாள்தான் சமாதானப்படுத்தினாள். பூட்டுப் பட்டறைக்காரர் மகள், பி பிரிவில் இருந்தாளே, அவள்தான். இப்போது என் பெஞ்சில் உன் இடத்தில் உட்காருகிறாள். லேபிலும் எனக்கு அவள்தான் ஜோடி. புது மூக்குத்தி அவளுக்கு எடுப்பாக இருக்கிறது.

உன்
ஜெயமேரி

சேவுகம்பட்டி
2-8-62

ஜெயாவுக்கு,

கடிதம் வந்தது. படித்ததும் வயிறு எரிந்தது. இதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

ஐந்து வருஷம் அந்தப் பள்ளியில் இருந்தேன். ஒரு சக்கரத்தைத் தொட்டிருப்பேனா? நான் பஸ் ஏறினதும் லேப் கட்டுகிறார்கள். ஒரு வருஷம் முன்னால் கட்டினால் சுவர் நிற்காதா? அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள், வீட்டில் ஆள் இல்லை, ‘பத்து படிச்சது போதும் தாயி’ என்று அப்பா சொல்லிவிட்டார். இங்கே நான் கத்தரிக்குத் தண்ணீர் கட்டுகிறேன். அங்கே நீ வண்டி விட்டு விளையாடுகிறாய். ஜக்கம்மாளின் மூக்குத்தி எடுப்பாக இருந்தால் எனக்கென்ன?

ஆனால் நீ போட்ட கோட்டை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அடி பைத்தியம், வண்டி இறங்கினால் கோடும் இறங்க வேண்டுமா? எங்கள் கமலைக்கு வந்து பார். நீ டவுன்காரி, விளக்கித்தான் சொல்ல வேண்டும். கிணற்று மேட்டிலிருந்து மயிலை, செவலை இரண்டு மாடுகளும் சரிவில் இறங்கி நடக்கும். நடக்க நடக்க, வடக்கயிற்றில் கட்டிய சால் என்கிற பெரிய வாளி தண்ணீரோடு கிணற்றிலிருந்து மேலே வரும். சால் தொட்டியில் கவிழும். பிறகு மாடுகள் திரும்பாமல், முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னாலேயே நடந்து மேடேறும். பொழுதுக்கும் இதே வேலைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கலயத்தில் துளை போட்டு வேப்பங்கிளையில் கட்டினேன். அம்மாவை அதன் கீழே உட்காரவைத்தேன். மூன்று சொட்டுக்கு ஒருதரம் அவள் ‘ம்’ என்பாள். அந்த ‘ம்’முக்கு மயிலைக்காளையின் முன்கால் எங்கே இருக்கிறதோ அங்கே நான் ஒரு புளியங்கொட்டை போடுவேன். பின்னால் வரும்போது கூழாங்கல். ‘ஏ புள்ள, மாட்டுக்குக் குறுக்க வராத, மிதிச்சுப்புடும்’ என்று வடத்தின்மேல் உட்கார்ந்திருந்த மொக்கைச்சாமி அண்ணன் கத்தினான். ‘இம்புட்டு வயசுக்குப் பெறகு சொட்டு எண்ண வச்சுட்டியே’ என்றாள் அம்மா. ஆனால் எண்ணினாள்.

நோட்டில் நானே கட்டம் கிழித்துக் கோடு போட்டிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது. கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. மாடு சரிவில் இறங்க இறங்கக் கிணறு தள்ளிப் போகிறது, அதனால் கோடு ஏறுகிறது. தண்ணீரை விட்டுச் சால் எழும்பும் வரை மாடு திணறும், அங்கே கோடு படுத்தாற்போல் போகிறது. அப்புறம் நிமிர்கிறது. சால் கவிழும் நேரம் மாடு நிற்கிறது, கோடு தட்டையாகக் கிடக்கிறது. பின்னால் நடக்கும்போதுதான் இறங்குகிறது.

கட்டம் போட்ட தாள் நாலு அனுப்பு. ஜக்கம்மாளிடம் கேட்டு வாங்காதே, உன்னுடையதை அனுப்பு.

வள்ளி

திண்டுக்கல்
30-9-62

அன்புள்ள வள்ளி,

தாள் பத்து வைத்திருக்கிறேன். தாமதத்துக்குக் கோபிக்காதே, காலாண்டுப் பரீட்சை.

உன் கோடு எனக்கு மிகவும் உதவியாக இருந்தது. இப்போது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. டீச்சரும் என்னிடம் மிகவும் பிரியமாக இருக்கிறார். நேற்று வகுப்புக்கு நடுவில் ‘ஜெயமேரி, நீ எந்திரிச்சுச் சொல்லு’ என்று என்னைத்தான் எழுப்பினார். ஜனவரிக் கடைசியில் பள்ளியில் விஞ்ஞானக் கண்காட்சி. ஊரே வந்து பார்க்கலாமாம்.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்: பின்னால் நடக்கும்போது கோடு ஏன் அவ்வளவு சாய்வாக இல்லை? வேகத்தை மட்டும் தனியாகக் கோடு போட்டால் எப்படி வரும்? மாட்டின் முகம் முன்னால்தானே பார்த்திருக்கிறது, அப்படியானால் வேகமும் முன்னால்தானே? சீக்கிரம் எழுது, வியாழக்கிழமைக்குள் வந்தால் நல்லது.

ஜக்கம்மாள் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன்
ஜெயமேரி

சேவுகம்பட்டி
11-11-62

ஜெயாவுக்கு,

உன் வியாழக்கிழமை போய் ஐந்து வியாழக்கிழமை ஆகிவிட்டது. மழையில் கத்தரி சாய்ந்துவிட்டது, எழுத நேரம் இல்லை. வேண்டுமென்றேதான் தாமதித்தேன் என்றும் வைத்துக்கொள். ஜக்கம்மாள் என்னை எதற்கு விசாரிக்கிறாள்? நீயும் அவளும் ஒரே மாதிரி தாவணி எடுத்திருப்பதாகச் சந்தைக்கு வந்த உங்கள் தெரு ராயப்பராஜ் அண்ணன் சொன்னார். என்னோடு இருந்தபோது ‘ஒரே மாதிரி உடுத்தினால் கேலி செய்வார்கள்’ என்றவள் நீ.

சரி, கேள்விக்கு வருகிறேன். இறங்கும்போது மூன்று சொட்டில் நாலடி. பின்னால் ஏறும்போது மூன்று சொட்டில் இரண்டரை அடிதான். மெதுவாகப் போனால் கோடு சாய்வு குறையாமல் என்ன செய்யும்? கோட்டின் சாய்வுதான் வேகம், வேறொன்றும் இல்லை. மாட்டின் முகம் எங்கே பார்க்கிறது என்று கோடு கேட்காது. கிணற்றை விட்டு விலகினால் வேகத்தைப் பூஜ்யத்துக்கு மேலே போடு, கிணற்றை நெருங்கினால் கீழே போடு. நிற்கும்போது பூஜ்யத்தின்மேலேயே ஓடட்டும். நீ அனுப்பிய தாளில் அதையும் போட்டு வைத்திருக்கிறேன்.

இனி நான் கேட்பது. தீபாவளிக்கு மறுநாள் அப்பாவிடம் துணிந்து கேட்டுவிட்டேன், அந்த ஒரு வருஷத்தை முடித்துவிடுகிறேன் என்று. ஐந்தாம் நாள் சாப்பிட்டுக் கைகழுவும்போது சொன்னார்: ‘விடுதியில எடம் குடுத்து அவுகளே வரச்சொன்னாகன்னா போ. நானாப் போயி யார்ட்டயும் நிக்க மாட்டேன்.’ என் அப்பா வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிது. இல்லாவிட்டால் வைகாசியில் யாருக்காவது வாக்குக் கொடுத்துவிடுவார். அதனால் ஜெயா, வருகிற ஜூனுக்கு விடுதி விண்ணப்பம் கேட்டு வாங்கி அனுப்பு. டீச்சருக்கு என்னை நினைவிருக்குமா? இருந்தால் சொல்லு.

கண்காட்சி சமயத்தில் மொக்கைச்சாமி அண்ணன் தக்காளி ஏற்றி வந்தால் நானும் தொற்றிக்கொண்டு வரப் பார்க்கிறேன்.

வள்ளி

திண்டுக்கல்
20-1-63

வள்ளி,

அவசரமாக எழுதுகிறேன். கண்காட்சிக்கு வரவேண்டாம். ஒரே கூட்டமாக இருக்கும், எனக்கு உன்னோடு பேசக்கூட நேரம் இருக்காது. விண்ணப்பம் பற்றி டீச்சரிடம் சமயம் பார்த்துக் கேட்கிறேன்.

ஜெயமேரி

சேவுகம்பட்டி
5-2-63

ஜெயமேரிக்கு,

வந்தேன். உனக்குத் தெரியாது. நீ வாசலில் பன்னீர்ச் செம்பை வைத்துக்கொண்டு யாரோ அதிகாரியின் மனைவிக்குத் தெளித்துக்கொண்டிருந்தாய்.

லேப் முழுவதும் பார்த்தேன். அந்த மரவண்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன், ஒரு சின்னப் பெண் ‘தொடக் கூடாதுக்கா’ என்றாள். அப்புறம் சுவரைப் பார்த்தேன். முழுத்தாளில், மூன்று நிற மசியில், என் கமலை. மேலே ‘மயிலை, செவலை என்னும் இரு காளைகளின் இயக்கம்’. எங்கள் மாடுகளுக்குப் பெயர் போட்டிருந்தாய், நன்றி. கீழே ‘தயாரித்தவர்கள்: ஜெயமேரி, ஜக்கம்மாள்’. ஆக மொத்தம் நாலு பெயர்.

உன் பெயர் மட்டும் இருந்திருந்தால் பொறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். நாம் இருவரும் ஒருவர் நோட்டை ஒருவர் பார்த்து எழுதியவர்கள்தானே. பக்கத்தில் அவள் பெயர் என்ன வேலைக்கு? அவள் சொட்டு எண்ணினாளா? என் அம்மா மூக்காயி பெயரைப் போட்டிருந்தால்கூட நியாயம்.

இதில் பெரிய கூத்து, கோட்டையும் கெடுத்துவிட்டீர்கள். மாடு நிற்கும் இடத்தில் தட்டையாக இருந்ததே, அதைக் காணோம். உச்சிக்குப் போய் உடனே இறங்குகிறது. பார்க்க அழகாக இல்லை என்று எடுத்துவிட்டீர்களா? மாடு நிற்காமல் தண்ணீர் எப்படித் தொட்டியில் விழும்? சோளக்கொண்டை மாதிரி கூராக ஒன்றை வரைந்து வைத்திருக்கிறீர்கள்.

அண்ணன் என்னைப் பார்த்து ‘என்ன புள்ள, பல்லு வலியா?’ என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வத்தலக்குண்டு வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

விண்ணப்பத்தை மட்டும் அனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

சண்முகவள்ளி

திண்டுக்கல்
10-3-63

சண்முகவள்ளிக்கு,

நீ எழுதியதைப் படித்தேன். ஒரு காகிதத்துக்கு இவ்வளவு பேச்சா? அதைப் பெரிய தாளில் எடுத்து எழுத நாங்கள் மூன்று நாள் உட்கார்ந்தோம், அது உனக்குத் தெரியாது.

விண்ணப்பம் பற்றி விசாரித்தேன். நடுவில் ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டவர்களை விடுதியில் எடுப்பதில்லையாம். டீச்சரும் ஒன்றும் பிடிகொடுத்துப் பேசவில்லை. நீ நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்குப் பரீட்சை நெருங்குகிறது.

ஜெயமேரி

சேவுகம்பட்டி
20-4-63

ஜெயமேரிக்கு,

கார்டுதான் போடுகிறேன், மூடி எழுத ஒன்றும் இல்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சித்தையன்கோட்டையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்காவின் வீட்டுக்காரருக்குச் சொந்தம். மாப்பிள்ளை பெயர் தங்கமுத்து. பம்புசெட் வைத்திருக்கிறார்களாம், கமலை கிடையாது. நீ பரீட்சை நன்றாக எழுதியிருப்பாய்.

சண்முகவள்ளி

திண்டுக்கல்
19-5-63

வள்ளி,

இதைக் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

இத்துடன் இருப்பது விடுதி விண்ணப்பம். மேலே டீச்சரின் கையெழுத்து இருக்கிறது, பார். ‘இந்த மாணவிக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.’ மே மாதம் முப்பத்தொன்று வரை நாள் இருக்கிறது. பிப்ரவரிக் கடைசியிலேயே இதை டீச்சர் என்னிடம் கொடுத்துவிட்டார். மார்ச்சில் நான் உனக்கு எழுதியது பொய்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் உன் தாளை டீச்சர் என் நோட்டுக்குள் பார்த்தார். ‘யாரு போட்டது இது?’ என்று கேட்டார். ‘நான்’ என்று வாயில் வந்துவிட்டது. அவர் என் தோளில் கை வைத்தார், வள்ளி. அவர் யார் தோளிலும் கை வைத்து நீ பார்த்திருக்கிறாயா? அதற்குப் பிறகு இல்லை என்று சொல்ல முடியவில்லை. தட்டையான கோட்டை எடுக்கச் சொன்னவளும் நான்தான். அது ஏன் அங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாதே என்று பயந்தேன். உன் கடிதத்தில் அது எழுதியிருந்தது, ஆனால் எனக்கு மாடும் சாலும் கண்ணில் வரவில்லை. ஜக்கம்மாள்மேல் குற்றம் இல்லை. அதை நான் போட்டதாகத்தான் அவளும் நம்பினாள்.

கண்காட்சி முடிந்து நாலு வாரம் கழித்து டீச்சர் கரும்பலகையில் என்னை நிறுத்தினார். ‘வடம் அறுந்து மாடு முன்னால ஓடிருச்சு. கோடு எப்படிப் போகும்?’ என்றார். சாக்பீஸை வைத்துக்கொண்டு நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் ‘யாருதுன்னு சொல்லு, திட்ட மாட்டேன்’ என்றார். சொன்னேன். திட்டியிருக்கலாம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ‘அந்தச் சேவுகம்பட்டிப் பிள்ளையா? கெணத்து மேட்டுல நின்னா போட்டுச்சு?’ என்று மூன்று தரம் கேட்டார். அலமாரியைத் திறந்து இந்த விண்ணப்பத்தை எடுத்து அங்கேயே கையெழுத்துப் போட்டு ‘உடனே அனுப்பு’ என்றார்.

நீ வந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நான்தான் படிப்பை முடித்துவிட்டேனே. ஆனால் ஏழாம் வகுப்பிலிருந்து நான் இரண்டாவது, நீ முதலாவது. நீ போன வருஷம்தான் நான் முதலாவதாக வந்தேன். லேப், டீச்சர், முன் பெஞ்சு எல்லாம் இருந்தும் என்னால் போட முடியாததை நீ புளியங்கொட்டையை வைத்துப் போட்டுவிட்டாய். பொறாமையாக இருந்தது. உன்மேல் எனக்கு எப்போதும் பொறாமைதான், வள்ளி. அதனால் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

இன்று பூசை முடிந்து கோயில் வாசலில் டீச்சர் என்னைப் பார்த்து, ‘ஏம்மா, அந்தப் பிள்ளை பதிலே போடலியே, வர விருப்பம் இல்லியா?’ என்று கேட்டார். திரும்ப உள்ளே போய், செய்ததையெல்லாம் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ‘அதை என்னிடம் சொல்லி என்ன, அவளுக்கு எழுது’ என்றார் சாமியார். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. ஆனால் கேட்கிறேன். அப்பாவிடம் காட்டு. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

ஜெயா

சேவுகம்பட்டி
24-5-63

ஜெயாவுக்கு,

உன் கடிதம் இருபத்திரண்டாம் தேதி வந்தது. நிச்சயம் பதினைந்தாம் தேதி புதன்கிழமை முடிந்துவிட்டது. வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. ஆனியில் கல்யாணம்.

விண்ணப்பத்தை அப்பாவிடம் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, நானே படித்துக் காட்டினேன். ஒதுக்கப்பட்டுள்ளது என்றால் என்ன என்று கேட்டார், சொன்னேன். ‘இது முந்தியே வந்திருந்தா நான் வாக்குக் குடுத்திருப்பனா தாயி’ என்றார். அன்றைக்கு அவர் வயல் பக்கம் போகவில்லை. கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இப்போது வேண்டாம் என்று சொன்னால் அக்காவை அவள் வீட்டில் வாழவிட மாட்டார்கள். அவள் நிறைமாதமாக இருக்கிறாள். அதனால் நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. டீச்சருக்கு நானே எழுதிவிட்டேன். அந்த இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உன்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, பயப்படாதே.

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். சாமியார் சொல்லிக் கேட்கிறாய். இப்போது என்னால் முடியாது. பின்னால் முடியுமா என்றும் தெரியவில்லை. பத்திரிகை வரும், ஊர் வழக்கத்துக்காக அனுப்புவார்கள். நீ வரவேண்டாம்.

உன் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் போய் ‘அவுகளுக்கு நான் வேணாமாம்ப்பா’ என்றேன். என் வாயாலேயே சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவர் சித்தையன்கோட்டைப் பேச்சை எடுத்து ‘சரியா தாயி?’ என்று கேட்டார். கட்டாயப்படுத்தவில்லை, கேட்டார். என் கோடு நிஜமாகவே ஒன்றுமில்லாததாகத்தான் இருக்கும், அதனால்தான் டீச்சர் பிடிகொடுத்துப் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

இப்போது எழுதியிருக்கிறாயே, என்மேல் பொறாமை என்று. அந்த வரியை மட்டும் நாலைந்து தரம் படித்தேன். இந்த ஒரு வருஷமாகப் பொறாமைப்படுவது என் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். லேப் உனக்கு, டீச்சர் உனக்கு, என் இடத்தில் உட்கார ஆள்கூட உனக்கு. என்னிடம் பொறாமைப்பட ஏதோ இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மார்ச்சில் அந்தப் பொய்க்குப் பதிலாக இந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம், ஜெயா. விண்ணப்பத்தை நீயே வைத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. அப்பா கேட்டபோது நான் தலையை ஆட்டியிருக்க மாட்டேன்.

சண்முகவள்ளி